துக்கத்துக்கு ஒரு பதிலாள்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை உலகம்மை எண்ணெய்க் கிண்ணத்தோடு அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குத் தேய்த்தாயிற்று. கை காலுக்கும் ஆயிற்று. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மட்டும் அவள் கைக்கு எட்டாது.

"இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் தேய்ச்சு விட்டுட்டுப் போங்க."

அவள் கணவன் ஆவுடையப்பன் அரசவையில் விகடகவி. தலைப்பாகையை அப்போதுதான் கட்டி முடித்திருந்தான். எண்ணெய்க் கையோடு அதைத் தொட்டால் மறுபடி அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

"அரண்மனையில இதுக்குன்னே ஒருத்தன் இருக்கான். அனுப்பி வைக்கட்டுமா?"

"அனுப்புங்க. நல்லாத் தேய்ச்சான்னா உங்களுக்குப் பதிலா அவனையே வீட்டுல வச்சுக்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உச்சிப்பொழுதுக்கு முன் சபைக்கு ஆள் வந்தது. குளித்துவிட்டு முற்றத்தில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அடுத்த வீட்டுப் பேச்சியம்மை செம்பில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். உலகம்மை அதைக் குடிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் காலையில் அவர்கள் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்த அரண்மனையின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அரசருக்குக் காய்ச்சல் கண்டது. குணமானால் மலைக்கோயிலை உருண்டு வலம் வருவதாக வேண்டிக்கொண்டார். ஆனால் எழுந்து உட்காரவே தெம்பில்லாதவர் எப்படி உருள்வது? அரண்மனை வைத்தியர் நீலகண்டப் பண்டிதர் ஒரு வழி சொன்னார்.

"அரசரின் உடம்பு நாட்டின் உடம்பு. நாட்டில் எவன் உருண்டாலும் அரசர் உருண்டதாகவே தெய்வம் ஏற்றுக்கொள்ளும்."

கல் உடைக்கும் சடையன் என்பவனைப் பிடித்து உருள விட்டார்கள். அந்த வாரமே காய்ச்சல் இறங்கியது. மழை நின்று வெயில் வந்ததால் ஊரில் பாதிப்பேருக்கு அந்த வாரம்தான் காய்ச்சல் இறங்கியது. அதை யாரும் யோசிக்கவில்லை. பதிலாள் உருண்டால் பலன் வந்து சேர்கிறது என்பது மட்டும் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. உடம்புக்கு நடை நல்லது என்றார் பண்டிதர். சடையனே அரசருக்காக அரண்மனைத் தோட்டத்தில் தினமும் காலையில் நடந்தான். ஏகாதசிப் பட்டினி நல்லது என்றார். அதற்கு இருளாண்டி என்று ஒருவன் வந்தான். விடியலில் எழுந்து கிழக்கே பார்ப்பதற்கு ஒருவன், மூச்சை அளந்து இழுத்து விடுவதற்கு ஒருவன், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு ஒருவன், வேப்பங்கொழுந்து மெல்ல ஒருவன். சாப்பிடும்போது பேசாமல் நிதானமாக மென்று சாப்பிட வேண்டும் என்று பண்டிதர் சொன்னபோது அதற்கும் ஓர் ஆளை அமர்த்தினார்கள். அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லுவான். அரசர் இன்னொரு பக்கம் ஓலை படித்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வார்.

பதிலாட்கள் எல்லாரும் தேக்குக்கட்டை மாதிரி ஆனார்கள். அரசருக்குக் கால் வீங்கியது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சபையில் வழக்கு நடக்கும்போதே தூங்கிப் போனார்.

"பலன் வந்துகொண்டே இருக்கிறது அரசே. கொஞ்சம் மெதுவாக வருகிறது" என்பார் பண்டிதர்.

நாளுக்கு ஒரு சிரிப்பும் அந்த மருந்துப் பட்டியலில் உண்டு. அது ஒன்றைத்தான் அரசர் பதிலாள் இல்லாமல் தாமே செய்துவந்தார். ஆவுடையப்பன் இருந்ததால் அதில் அவருக்குச் சிரமம் தெரியவில்லை. ஆவுடையப்பனைக் கண்டால் பண்டிதருக்கு ஆகாது. பண்டிதருக்கு ஒரு மைத்துனன். அவன் சொல்லும் விகடத்துக்கு அவன் அக்காளே சிரித்ததில்லை. அவனை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது பண்டிதரின் பல நாள் ஆசை.

அந்த நாட்டில் சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர் எங்கும் போவதில்லை. அந்தப் பதினாறு நாளில்தான் இறந்தவர் இல்லை என்பது வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து உட்காரும்.

மூன்று நாள் சிரிப்பில்லாமல் அரசர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பண்டிதர் பணிவாகச் சொன்னார்.

"இன்னும் பதின்மூன்று நாள் சிரிப்பு தடைப்பட்டால் ஒன்பது ஆண்டுப் பலனும் வீணாகிவிடும், அரசே. விகடகவியின் துக்கத்துக்கு ஒரு பதிலாளை அமர்த்திவிடலாம். அவருக்கும் பாரம் குறையும். நாளை மறுநாள் உச்சிக்குள் அவர் வந்து தங்களைச் சிரிக்க வைக்கட்டும். முடியாவிட்டால் பதவியையும், அரண்மனை கொடுத்த வீட்டையும் வேறொருவருக்குக் கொடுப்பதுதான் முறை."

அரசர் கெட்டவர் இல்லை. பதிலாள் அனுப்புவதை ஆவுடையப்பனுக்குச் செய்யும் உபகாரமாகவே அவர் நினைத்தார்.

நான்காம் நாள் காலை ஒரு சேவகன் ஓலையோடு வந்து வாசலில் நின்று படித்தான். அவனுக்குப் பின்னால் இருளாண்டி கைகட்டி நின்றான். சேவகன் போனதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்க உக்காரணும் ஐயா?"

"எதுக்கு?"

"அழுறதுக்கு. காலையில மூணு நாழிகை, சாயங்காலம் மூணு நாழிகைன்னு உத்தரவு."

ஆவுடையப்பன் கூடத்தில் ஒரு பாயை விரித்துக் கொடுத்தான். இருளாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த அம்மாவ நான் பார்த்ததே இல்ல. எப்பேர்ப்பட்டவங்கன்னு ஒண்ணு ரெண்டு சொன்னா நெனச்சு அழ வசதியா இருக்கும்."

ஆவுடையப்பன் யோசித்தான். சபையில் நின்ற நிலையில் நூறு பேரைப் பற்றி நூறு வாக்கியம் சொல்லக்கூடியவன். உலகம்மை விரல் விட்டு எண்ணும்போது சுண்டு விரலிலிருந்து தொடங்க மாட்டாள், நடுவிரலிலிருந்து தொடங்குவாள். பெருங்காயம் எப்போதும் ஒரு சிட்டிகை கூட. கோபம் வந்தால் அவனிடம் பேசாமல் பூசணிக்கொடியிடம் பேசுவாள். இதை எல்லாம் ஒருவனிடம் எடுத்துக் கொடுத்து அழச் சொல்ல முடியுமா?

"முதுகில் ஒரு சாண் இடம் அவளுக்கு எட்டாது" என்றான்.

இருளாண்டி தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, நீ அழு" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் முற்றத்துப் பக்கம் போனான்.

இந்த நான்கு நாளில் அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. சுடுகாட்டில் வரவில்லை. அவள் புடவையை மடித்தபோது வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவன் முகத்தையே பார்த்தார்கள். எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் எப்படி அழுவான் என்று பார்க்கும் ஆவல் சிலருக்கு. அந்த முகங்களைப் பார்த்ததும் அவனுக்குள் என்னவோ கதவைச் சாத்திக்கொண்டது.

கூடத்தில் இருளாண்டி முதலில் பொய்யாகத்தான் அழுதான். 'தங்கமே, தாயே' என்று இழுத்தான். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. 'ஆத்தா' என்றான். ஒரு தடவை சொன்னான், நிறுத்தினான், மறுபடி சொன்னான். அதன்பிறகு சொல்லே இல்லை. நெஞ்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம் மட்டும் வந்தது.

ஆவுடையப்பன் உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"யாரை நினைத்து அழுகிறாய்?"

இருளாண்டி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "மன்னிக்கணும் ஐயா. எங்க ஆத்தா போன ஆடியில போயிருச்சு. அன்னைக்கு ஏகாதசி. நான் பட்டினி கிடக்கேன். 'பாதியில எந்திரிச்சுப் போனா மகாராசாவோட விரதம் முறிஞ்சிரும்'னு பண்டிதரு விடல. மறுநாள் போனேன். எரிச்சு முடிச்சிருந்தாங்க. அதுக்கு மறுநாளே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. அதுக்கு அப்புறம் அழுறதுக்குன்னு எனக்கு ஒரு எடமே கிடைக்கல. இப்ப உங்க வீட்டுல கிடைச்சுது. உங்க வேலையச் செய்யாம என் வேலையச் செஞ்சுட்டேன்."

"உன் வேலையைத்தான் செய்தாய்."

"நீங்க அழலையா ஐயா?"

"எனக்குத்தான் ஆள் போட்டிருக்கிறார்களே."

சொன்ன பிறகுதான் அது விகடம் என்று அவனுக்கே தெரிந்தது. நான்கு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் விகடம். இருளாண்டி சிரிக்கவில்லை. வருத்தமாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் ஆவுடையப்பனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றான். நாளை உச்சிக்குச் சிரிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டில் பண்டிதரின் மைத்துனன் குடியேறுவான். உலகம்மை கடைசியாக நடந்த முற்றத்தில் அவன் துணி காயும். ஆவுடையப்பனுக்கு வேண்டியது பன்னிரண்டு நாள். பொன் இல்லை, பதவி இல்லை, இந்த வீட்டுக்குள் பன்னிரண்டு நாள்.

"இருளாண்டி, நாளைக்கும் நீ உன் ஆத்தாவையே நினைத்து அழு. நான் சபைக்குப் போய் வருகிறேன்" என்றான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பண்டிதரின் மைத்துனன் புதுத் தலைப்பாகையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆவுடையப்பன் மழிக்காத முகத்தோடு, தலைப்பாகை இல்லாமல் வந்து நின்றான்.

"வா, ஆவுடையப்பா. உன் துக்கத்தை இறக்கி வைக்க ஆள் அனுப்பினேனே, வந்து சேர்ந்தானா?" என்றார் அரசர்.

"வந்தான் அரசே. நன்றாக அழுகிறான்."

"பாரம் குறைந்ததா?"

"பண்டிதர் குறைந்தது என்று சொன்னால் குறைந்திருக்கும்."

"ஐயமே வேண்டாம்" என்றார் பண்டிதர். "இருளாண்டி தேர்ந்த பதிலாள். இந்நேரம் விகடகவியின் மனம் பஞ்சு போல் ஆகியிருக்கும்."

"அப்படியே ஆகட்டும். பண்டிதரே, எனக்கு மருத்துவம் தெரியாது. ஒரு சந்தேகம். அரசர் தினமும் சிரிக்க வேண்டும் என்பது எதற்காக?"

"இது என்ன கேள்வி? சிரிப்பு மருந்து. நெஞ்சு விரியும், இரத்தம் ஓடும், உண்டது செரிக்கும்."

"நடையும் மருந்துதானே?"

"ஆம்."

"பட்டினி?"

"அதுவும் மருந்தே."

"அவற்றைப் பதிலாள் செய்தாலும் பலன் அரசருக்கு முழுமையாகச் சேரும்?"

"ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது" என்றார் பண்டிதர், சபையைச் சுற்றிப் பார்த்து.

ஆவுடையப்பன் அவரை வணங்கினான். பிறகு திரும்பி வாசல் பக்கம் நின்றிருந்த சடையனைக் கையசைத்து அழைத்து, அவன் காதில் ஏதோ சொன்னான். சடையன் முதலில் விழித்தான். பிறகு அவன் வயிறு குலுங்கியது. மலைக்கோயிலைச் சுற்றி உருண்ட அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கூரை அதிரச் சிரித்தான். காவல்காரர்களுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்தது.

அவன் சிரித்து ஓயும்வரை ஆவுடையப்பன் காத்திருந்தான். பிறகு அரசரைப் பார்த்துத் தலை தாழ்த்தினான்.

"அரசர் இன்று சிரித்துவிட்டார். உத்தரவு நிறைவேறியது. நான் வீட்டுக்குப் போய் வருகிறேன்."

"நில்! நான் எங்கே சிரித்தேன்?"

"இதோ, இந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு, அரசே. எல்லாரும் பார்த்தார்கள்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "இது அவமதிப்பு! சிரித்தவன் சடையன். ஒருவன் சிரித்தால் அது இன்னொருவனுக்கு எப்படிச்..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

அரசர் பண்டிதரைப் பார்த்தார். பிறகு சடையனின் கால்களைப் பார்த்தார். கெண்டைக்கால் சதை உலக்கை போல் திரண்டிருந்தது. பிறகு குனிந்து, பாதபீடத்தின் மேல் வைத்திருந்த தம் கால்களைப் பார்த்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மேலெழ நேரமாகும் கால்கள்.

"அவன் காதில் என்ன சொன்னாய்?"

"அவனையே கேளுங்கள்."

சடையன் கைகூப்பினான். "மகாராசா, 'ஒன்பது வருசமா அரசர் உன் காலால நடந்துகிட்டு இருக்காரு. அப்படின்னா பல்லக்குல யாரைத் தூக்கிட்டு அலையறாங்கன்னு தூக்குறவங்களைப் போய்க் கேளு'ன்னாரு."

அரசர் சிரிக்கவில்லை.

ஆவுடையப்பன்தான் பேசினான். குரலில் விகடம் இல்லை. "அரசே, சடையனின் சிரிப்பு தங்களுக்கு வந்து சேர்ந்தது என்றால் நான் இன்றைய வேலையை முடித்துவிட்டேன், போகலாம். சேரவில்லை என்றால் இருளாண்டியின் அழுகையும் எனக்குச் சேரவில்லை. என் துக்கம் என்னிடமே இருக்கிறது. துக்கம் இருக்கிற வீட்டுக்காரன் பதினாறு நாள் வெளியே வரக்கூடாது என்பது நம் வழக்கம். அப்போதும் நான் போகத்தான் வேண்டும். இரண்டில் எது என்று பண்டிதர் சொல்லட்டும்."

மைத்துனன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இருளாண்டி அழுவதை நான் பார்க்க வேண்டும்" என்றார் அரசர்.

பல்லக்கு வந்தது. தேரடி வரை போயிற்று. ஆவுடையப்பன் குடியிருந்த தெரு குறுகல். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பல்லக்கு தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

"தாங்கள் சிரமப்பட வேண்டாம் அரசே. போய்ப் பார்த்துவர ஒரு பதிலாளை..." என்று தொடங்கினார் பண்டிதர்.

அரசர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்னுக்கு நகர்ந்தார். அரசர் தாமே இறங்கினார். சடையன் தோள் கொடுக்க வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கிரீடத்தையும் மேலாடையையும் பல்லக்கிலேயே வைத்துவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று நடந்தார். யார் வீட்டு வாசலிலோ கிடந்த ஆட்டுரலில் உட்கார்ந்தார். இடுப்பில் குடத்தோடு வந்த ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்படி மூச்சு வாங்குதே, வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீரா?"

"இல்லை அம்மா" என்றார் அரசர்.

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு வெயில்ல என்ன நடை? ஓரமா உக்காரும், கால நீட்டாதேயும்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள்.

வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அரசர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். 'ஆத்தா' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. இருளாண்டி ஆள் அரவம் கேட்டுத் திரும்பி, அடையாளம் தெரிந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"யாருக்காக அழுகிறாய்?"

"பொய் சொல்ல மாட்டேன் மகாராசா. எங்க ஆத்தாவுக்கு."

"என்றைக்கு இறந்தாள்?"

"போன ஆடி ஏகாதசி. நான் அரண்மனையில பட்டினி இருந்தேன்."

அரசர் சுவரில் சாய்ந்தார். அந்த ஏகாதசி அவருக்கு நினைவிருந்தது. நோன்பைக் குறையில்லாமல் முடித்ததற்காகக் கோயிலில் அவருக்குத்தான் பரிவட்டம் கட்டினார்கள். அன்று பகலில் அவர் நெய்ச்சோறு உண்டிருந்தார். சற்று உப்புக் குறைவு என்று சமையல்காரனைக் கடிந்துகொண்டதுகூட நினைவில் இருந்தது.

அவர் மெல்ல இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். இருளாண்டிக்கு எதிரில். கூட வந்த ஆவுடையப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மை கூடையில் சோறு கொண்டுவந்தாள். பழைய சோறு, முருங்கைக்கீரை, சுட்ட அப்பளம் நாலு. அரசர் வந்திருக்கிறார் என்று தெருவே சொல்லியிருந்தது. அதற்காக அவள் நடை மாறவில்லை. சாவு வீட்டில் எல்லாருக்கும் ஒரே இலைதான்.

"அண்ணே, நீங்க நேத்தும் சரியாச் சாப்பிடல. இன்னைக்கு எந்திரிக்க விடமாட்டேன்" என்று ஆவுடையப்பனுக்கு இலை போட்டாள். இருளாண்டிக்குப் போட்டாள். அரசருக்கு முன்னால் வந்ததும் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மகாராசா, உங்களுக்குப் போடட்டுமா, இல்ல உங்களுக்குப் பதிலாத் தின்ன யாராவது வருவாங்களா?"

கேலி பண்ண அவள் நினைக்கவில்லை. அரண்மனை வழக்கம் அவளுக்குக் காதில் விழுந்திருந்தது, கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கேட்டாள்.

அரசருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. அவர் சிரித்தார். தோள் குலுங்க, வேர்வையோடு கண்ணீரும் கலந்து வழிய, வாயைப் பொத்திக்கொண்டு, 'மன்னித்துக்கொள், சாவு வீட்டில், மன்னித்துக்கொள்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். 'நானே, அம்மா, நானே தின்கிறேன்' என்று இலையைக் கை நீட்டி வாங்கினார்.

ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் விட்டுச் சிரித்தான். உலகம்மை இருந்திருந்தால் இதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அடுத்த நொடி உறைத்தது. சிரித்த வாய் அப்படியே கோணியது. இலையின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஒருவரும் தடுக்கவில்லை. பேச்சியம்மை அப்பளத்தை இலையோரம் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். அரசருக்கு இந்த மாதிரி இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. யாரையும் கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுகை அடங்கிய பிறகுதான் முதல் கவளத்தை எடுத்தார். நடந்து வந்த பசியில் அந்தப் பழைய சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்றார். முருங்கைக்கீரைக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பது மறந்தே போயிருந்தது என்றார்.

கை கழுவியதும் ஆவுடையப்பனைப் பார்த்து, "நீ என்னைச் சிரிக்க வைத்துவிட்டாய். உச்சிப்பொழுதும் தாண்டவில்லை. என்ன வேண்டுமோ கேள். பொன்னா, நிலமா?" என்றார்.

"பதினாறு நாள் அரசே. எனக்கு மட்டும் இல்லை. இந்த நாட்டில் எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் அரண்மனையிலிருந்து அவன் வாசலுக்குப் பதினாறு நாள் ஆள் வரக்கூடாது. இருளாண்டிக்கு அந்தப் பதினாறும் பாக்கி இருக்கிறது."

"கொடுத்தேன்" என்றார் அரசர். தம் கையிலிருந்த கங்கணத்தையும் கழற்றி ஆவுடையப்பனுக்கு அணிவித்தார். அதை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு அவர் எழுந்து, வந்த வழியே, நின்று நின்று, தாமே நடந்து போனார்.

பதிலாட்கள் எல்லாரும் மறுநாள் ஊருக்குத் திரும்பினார்கள். பண்டிதரை அரசர் தண்டிக்கவில்லை. தினமும் காலையில் தம்மோடு தோட்டத்தில் நடக்க வேண்டும் என்று மட்டும் உத்தரவிட்டார். மூன்றாம் நாளே பண்டிதர் பதிலாள் கேட்டார் என்றும், அரசர் அதைக் கேட்டு மறுபடி சிரித்தார் என்றும் சொல்வார்கள்.

ஆவுடையப்பன் தன் பன்னிரண்டு நாளையும் வீட்டுக்குள் இருந்தான். சில நாள் அழுதான். சில நாள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

பதினேழாம் நாள் காலை எழுந்து குளித்து, விறகு அடுக்கி, அடுப்பை அவனே மூட்டினான். ஊதி ஊதிக் கண் எரிந்தது. புகையைப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மை சுவருக்கு அப்பால் இருந்து, "அண்ணே, நான் வரவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் தாயே. நானே பார்த்துக்கிறேன்."

உலையை ஏற்றினான். அடுப்பில் பானை உட்காரும் இடப்பக்கக் குமிழ் ஆடியது. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் முதலே அது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதில்தான் உலகம்மை தினமும் பொங்கினாள்.